நாய்க்குட்டிக்கு வயிறு சரியாகவே ஆகவில்லையா? காரணத்தைத் தேடிப் பிடிக்கும் முறை

குட்டி வீட்டுக்கு வந்த சில நாளில் வயிற்றால் போக ஆரம்பிக்கிறது. மருந்து கொடுத்தால் இரண்டு நாள் கெட்டியாகப் போகும், மூன்றாம் நாள் மறுபடி கூழ். பால் நிறுத்தி தயிர்சாதம், அதை நிறுத்தி செரலாக், அதையும் விட்டுவிட்டு வேறு கம்பெனி பாக்கெட் என்று ஒரு வாரத்துக்குள் நாலு சாப்பாடு மாறியிருக்கும். நடுவில் மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையும் பாதி போயிருக்கும். இப்படி வாரக்கணக்கில் இழுக்கும் குட்டிகளில் பலவற்றுக்கு அபூர்வமான நோய் எதுவும் இருப்பதில்லை. முழுதாக ஒழியாத குடற்புழு, ஜியார்டியா மாதிரியான ஒட்டுண்ணி, ஒத்துக்கொள்ளாத உணவு அல்லது அளவு மீறிய உணவு, இவற்றில் ஒன்றோ இரண்டோ சேர்ந்திருக்கும். ஒவ்வொரு நாளும் எதையாவது மாற்றிக்கொண்டே இருந்தால் எது காரணம் என்பது யாருக்கும், மருத்துவருக்கும்கூட, தெரியாமல் போகும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதற்குச் சில நாள் அவகாசம், பார்த்ததைக் குறித்துவைப்பது. இந்த வரிசையை விடாமல் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே சொல்வதெல்லாம் சுமார் எட்டு வாரத்துக்கு மேற்பட்ட, தாய்ப்பால் மறந்த குட்டிகளுக்கு. அதைவிடச் சின்னக் குட்டிக்கு வயிற்றால் போனால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் நேராக மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

காத்திருக்கக் கூடாத குட்டி எது

மற்ற எதற்கும் முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள். குட்டி சோர்ந்து படுத்திருக்கிறதா? வாந்தியும் கழிச்சலும் சேர்ந்து வருகிறதா? ரத்தம் கலந்து, குடலைப் பிரட்டும் நாற்றத்தோடு தண்ணீராகப் போகிறதா? ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதம் வரையுள்ள குட்டி, தடுப்பூசி வரிசை முடியவில்லை, இந்த அறிகுறிகளும் இருக்கின்றன என்றால் பார்வோ என்ற ஆபத்தான குடல் வைரஸ் நோய் என்றே வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். ராத்திரியா பகலா என்று பார்க்க வேண்டாம். பார்வோவில் குட்டியைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்பும், குடல் சுவர் சிதைந்து அதன் வழியே ரத்தத்தில் ஏறும் பாக்டீரியாவும்தான். ஆரம்பத்திலேயே டிரிப்ஸ் ஏற்றினால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகக் கூடும்.

மலத்தை வைத்து மருத்துவமனையில் செய்யும் பார்வோ கிட் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். நோயின் முதல் நாளில் தவறாக நெகட்டிவ் காட்டலாம். தடுப்பூசி போட்ட சில நாளுக்குள் எடுத்தால் லேசான பாசிட்டிவும் வரலாம். ஆகவே தடுப்பூசி தேதியை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். 'ஒரு ஊசி போட்டாச்சே, எப்படி வரும்' என்று பலர் கேட்பார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை ஊசி முழுதாக வேலை செய்யாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை போடச் சொல்கிறார்கள்.

வீட்டிலேயே மூன்று சோதனைகள் செய்யலாம். உதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக வழுக்க வேண்டும். விரல் ஒட்டினால் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறது. ஈறை விரலால் அழுத்தி விடுங்கள், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். அழுத்தாமலேயே ஈறு வெள்ளையாக இருந்தால் ரத்தசோகையாக இருக்கலாம், குட்டிகளில் இதற்குக் கொக்கிப்புழுவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மூன்றாவது காய்ச்சல். டிஜிட்டல் தெர்மாமீட்டர் முனையில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் ஒரு விரற்கடை அளவு மட்டும் நுழைத்துப் பார்க்க வேண்டும். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் சரியானது. 103-க்கு மேலே போனாலும் 99-க்குக் கீழே இறங்கினாலும் மருத்துவரிடம். சூடு இறங்குவது ஏறுவதைவிட மோசமான அறிகுறி.

இன்னும் இரண்டு அவசரங்கள் உண்டு. மாங்கொட்டை, பிரியாணி எலும்பு, சாக்ஸ், துணிப் பொம்மை எதையாவது விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகமும் தொடர் வாந்தியும் இருந்தால் எக்ஸ்ரேயோ ஸ்கேனோ தேவை. நாள்பட்ட கழிச்சலிலிருந்த குட்டி திடீரென்று வாந்தி எடுத்து, வயிற்றைத் தொடவே விடாமல் முனகினால், குடலின் ஒரு பகுதி பக்கத்துக் குடலுக்குள் சொருகிக்கொண்டிருக்கலாம். புழு அதிகமுள்ள குட்டிகளிலும் பார்வோவிலிருந்து மீளும் குட்டிகளிலும் இது வரும். அறுவை சிகிச்சை ஒன்றுதான் வழி.

மலத்தைப் பார்த்து எழுதிவையுங்கள்

குட்டி ஓடியாடுகிறது, சாப்பிடுகிறது, ஆனால் மலம் மட்டும் சரியில்லை என்றால் நிதானமாகத் தேடலாம். ஒரு நோட்டில் தினமும் நான்கு விஷயம் போதும்: எத்தனை தடவை போனது, எப்படி இருந்தது, என்ன கொடுத்தீர்கள், எடை எவ்வளவு. எடை பார்க்க, குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி உங்கள் எடையைக் கழித்தால் போதும். மூன்று கிலோவுக்குக் குறைந்த குட்டிக்குச் சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்துப் பார்ப்பது துல்லியமாக இருக்கும். வளர்கிற குட்டி வாராவாரம் எடை கூட வேண்டும். கழிச்சல் லேசாகத் தெரிந்தாலும் எடை நின்றுவிட்டால் அது லேசான விஷயம் கிடையாது.

மலத்தின் தன்மையை ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டு எழுதுவது மருத்துவர்களுக்கும் பழக்கமானது. புழுக்கை மாதிரி காய்ந்தது ஒன்று. எடுத்தால் தரையில் ஒட்டாமல் வரும் நல்ல மலம் இரண்டு. உருவம் இருந்தும் எடுக்கும்போது தரையில் ஒட்டிக்கொள்வது நான்கு. வெறும் தண்ணீர் ஏழு. குட்டிக்கு இரண்டும் மூன்றும் நல்லது. எப்போதாவது வரும் நான்குக்காக மருந்து தேட வேண்டாம்.

எந்தக் குடலில் பிரச்சினை என்பதையும் மலமே சொல்லும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவைதான் போகிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் நிறையப் போகிறது, குட்டி மெலிகிறது என்றால் சிறுகுடல். அடிக்கடி ஓடிப்போய் முக்கி, கொஞ்சமே போய், சளியும் கடைசியில் ஒரு சொட்டுச் சிவப்பு ரத்தமும் வந்தால் பெருங்குடல். புது வீட்டுக்கு வந்த பதற்றத்தில் முதல் சில நாள் சளியோடு போவது இந்த இரண்டாவது வகைதான், சாப்பாட்டை மாற்றாமல் இருந்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். தார் மாதிரிக் கறுத்துப் பிசுபிசுவென்று போனால் மேல்குடலில் ரத்தம் கசிகிறது என்று பொருள். அன்றைக்கே காட்ட வேண்டும்.

வாந்தியிலும் ஒரு வேறுபாடு முக்கியம். வயிறு குலுங்கிக் குமட்டி எடுப்பது வாந்தி. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், எந்த முயற்சியும் இல்லாமல், செரிக்காத உணவு உருளையாக அப்படியே வெளியே விழுந்தால் அது உணவுக்குழாய்ப் பிரச்சினை. அந்தக் குட்டிக்கு வயிற்று மருந்து கொடுத்துப் பயனில்லை. இரண்டையும் நேரில் விளக்குவதைவிட போனில் வீடியோ எடுத்துக் காட்டுவது மேல்.

தண்ணீர் முதலில்

கழிச்சலில் போவது வெறும் தண்ணீர் மட்டுமில்லை, உப்புகளும் சேர்ந்துதான் போகின்றன. மெடிக்கலில் கிடைக்கும் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா ஓ.ஆர்.எஸ். பவுடர் பாக்கெட்டை, அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் மொத்தமாகக் கரையுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர். பாதிப் பவுடரைக் கண்ணளவாகக் கொட்டிக் கலக்கினால் உப்பு கூடிக் குறையும். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. டெட்ரா பாக்கெட்டில் பழச்சுவையோடு வருபவை வேண்டாம். அவற்றில் பலவற்றில் சர்க்கரை அதிகம், குடலுக்குள் தண்ணீரை இழுத்துக் கழிச்சலைக் கூட்டும்.

அளவு, குட்டியின் ஒரு கிலோ எடைக்கு மூன்று மி.லி. வீதம் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை. மூன்று கிலோ குட்டிக்குப் பத்து மி.லி. வரும். தானாக நக்கிக் குடித்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் ஊசி கழற்றிய பத்து மி.லி. சிரிஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். குட்டியின் தலையை நிமிர்த்தாதீர்கள், இயல்பாக இருக்கட்டும். கடைவாய் ஓரத்தில் உதட்டைக் கொஞ்சம் இழுத்தால் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு பை மாதிரி இடம் கிடைக்கும். சிரிஞ்சு முனையை அங்கே வைத்து, ஒரு மி.லி. விட்டு, விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்தது. நேராகத் தொண்டையில் பீய்ச்சினால் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியும். குடித்ததை வாந்தி எடுத்தால் முக்கால் மணி நேரம் விட்டு, பாதி அளவில் மறுபடி தொடங்கலாம். அதுவும் நிற்கவில்லை என்றால் வாய்வழி முயற்சியை விட்டுவிட்டு டிரிப்ஸுக்குப் போங்கள்.

சாப்பாட்டை எப்படி எளிதாக்குவது

பெரிய நாய்க்குச் சொல்லும் 'ஒரு நாள் பட்டினி போடு' என்ற யோசனையைக் குட்டிக்குச் செய்யாதீர்கள். குட்டியின் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு கொஞ்சம்தான். ஒரு வேளைக்கு மேல் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, நடுக்கம், தள்ளாட்டம், கடைசியில் வலிப்பு வரை போகும். சின்ன உருவ இனங்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். துவண்டு விழுந்தால் குளுக்கோஸ் பவுடரையோ தேனையோ ஈறில் தடவிவிட்டு உடனே கிளம்புங்கள்.

மூன்று நாளைக்கு ஒரே ஒரு உணவு: குழைய வேகவைத்த பச்சரிசிச் சாதம் இரண்டு பங்கு, தோலும் எலும்பும் நீக்கி வெறும் தண்ணீரில் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி ஒரு பங்கு. உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் கண்டிப்பாகக் கூடாது, நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். மூன்று கிலோ எடையுள்ள, நான்கு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு ஒரு நாளைக்குச் சாதம் 200 கிராம், கறி 100 கிராம் என்று எடுத்து, மசித்துக் கலந்து, ஐந்தாறு வேளையாகப் பிரியுங்கள். வேளைக்கு 50, 60 கிராம். இது சுமார் 425 கலோரி, அந்தக் குட்டியின் தேவைக்குச் சற்றே குறைவு. குடலுக்கு ஓய்வு தர அந்தக் குறைவு உதவும். கறி சமைக்காத வீடென்றால் மருத்துவர் எழுதித் தரும், குட்டிகளுக்கான குடல்நல உணவைப் பயன்படுத்துவது நல்லது. பருப்பும் சாதமும் கொடுத்து ஈடுகட்ட முயன்றால் வாயு கூடித்தான் போகும்.

பெருங்குடல் வகைக் கழிச்சலுக்கு வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி இரண்டு டீஸ்பூன், அல்லது நிறையத் தண்ணீரில் ஊறிய இசப்கோல் கால் டீஸ்பூன், ஒரு நாளைக்கு ஒரு தடவை சேர்க்கலாம். இரண்டையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள்.

சாதமும் கோழியும் தற்காலிகம் மட்டுமே. அதில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. 'இதில் நன்றாக இருக்கிறது' என்று மாதக்கணக்கில் அதையே கொடுத்தால் கால் வளைந்து எலும்பு மெலியும். மலம் கெட்டியானதும் நான்காம் நாளிலிருந்து வழக்கமான குட்டி உணவைக் கலக்கத் தொடங்குங்கள். இரண்டு நாள் கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் பாதி, அடுத்த இரண்டு நாள் முக்கால், பத்தாம் நாள் முழுவதும். நடுவில் இளகினால் முந்தைய படிக்கு இறங்கி இரண்டு நாள் நின்று ஏறுங்கள்.

இந்தப் பத்து நாளும் பிஸ்கட், பிரெட், டிரீட், சிக்கன் ஃபிளேவர் எலும்பு எதுவும் கிடையாது. இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் திட்டம் உடையும். தாத்தா ஒரு பிஸ்கட் போடுவார், குழந்தை இட்லி போடும். வீட்டிலுள்ள எல்லோரிடமும் சொல்லி, தட்டில் வைப்பவர் ஒருவர்தான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாலைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், நம் வீடுகளில் குட்டிக்கு முதலில் ஊற்றுவது அதைத்தான். பெட்டை நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கு மேல். லாக்டோஸ் சர்க்கரையோ பசும்பாலில்தான் கூடுதல், கிட்டத்தட்ட 5 சதவீதம். பால் மறக்கும் வயதில் லாக்டோஸைச் செரிக்கும் நொதியும் குட்டியின் குடலில் குறைந்துகொண்டே வரும். செரிக்காத சர்க்கரை பெருங்குடலில் புளித்துத் தண்ணீரை இழுக்கிறது. பாலில் தண்ணீர் கலந்தால் ஊட்டம்தான் இன்னும் குறையும். கால்சியத்துக்குப் பால் வேண்டும் என்ற எண்ணத்தை, தரமான குட்டி உணவு சாப்பிடும் குட்டியின் விஷயத்தில் விட்டுவிடலாம். தயிரில் லாக்டோஸ் குறைவு. ஒன்றிரண்டு டீஸ்பூன் பல குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளும். கழிச்சல் நின்ற பிறகு முயன்று பாருங்கள்.

அளவு மீறுவதும் கழிச்சலுக்குக் காரணம் என்று பலர் நினைப்பதே இல்லை. காலையில் கெட்டியாகத் தொடங்கி, மாலைக்குள் இளகிக்கொண்டே போகும் மலம் இதற்கு நல்ல அடையாளம். நான்கு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு நாளொன்றுக்குத் தேவை தோராயமாக: 2 கிலோவுக்கு 350 கலோரி, 3 கிலோவுக்கு 480, 5 கிலோவுக்கு 700. நான்கு மாதம் தாண்டியதும் எடைக்கேற்ற தேவை இறங்கும். 10 கிலோ குட்டிக்கு 790 அளவில் போதும். 100 கிராமுக்கு 390 கலோரி தரும் பாக்கெட் உணவு என்றால் 3 கிலோ குட்டிக்கு நாள் முழுவதற்கும் 120 கிராம்தான். தராசில் போட்டுப் பார்த்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மூன்று மாதம் வரை நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு.

பூச்சி மருந்து: 'ஒரு தடவை கொடுத்தாச்சு' போதாது

நாயின் உருளைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குள் வந்துவிடும். கொக்கிப்புழு தாய்ப்பாலில் வரும். ஆகவே நல்ல வீட்டிலிருந்து வாங்கியது, விலை உயர்ந்த குட்டி என்பதெல்லாம் இங்கே செல்லாது. மருந்து பெரும்பாலும் குடலில் அப்போதிருக்கும் புழுவைத்தான் கொல்லும். உடம்பில் அலைந்துகொண்டிருக்கும் இளம்புழுக்கள் நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, இரண்டு வாரத்தில் குடலுக்கு வந்து சேரும். அதனால்தான் இரண்டு வார வயதில் தொடங்கி எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. குட்டியை எட்டு வாரத்தில் வாங்கியிருந்து முந்தைய கணக்குத் தெரியாது என்றால், கொடுக்கவில்லை என்றே வைத்துக்கொண்டு மருத்துவரிடம் வரிசையை முதலிலிருந்து போடச் சொல்லுங்கள்.

அளவு எடையைப் பொறுத்தது. எடை வாராவாரம் மாறுவதால் போன தடவைச் சீட்டை வைத்துக் கொடுத்தால் குறைந்துபோகும். அரைகுறை அளவில் புழுவும் அரைகுறையாகத்தான் சாகும். ஃபென்பென்டசோல் ஒரு கிலோவுக்கு 50 மி.கி., தொடர்ந்து மூன்று நாள், உணவோடு. 3 கிலோ குட்டிக்கு 150 மி.கி. மாத்திரை நாளுக்கு ஒன்று. குட்டிகளுக்கான பைரான்டெல், ஃபெபன்டெல் கலந்த சிரப் வழக்கமாக ஒரு கிலோவுக்கு ஒரு மி.லி. கணக்கில் வரும், இருந்தாலும் பாட்டிலைப் படித்துக் கொடுங்கள், நன்றாகக் குலுக்கிவிட்டு. இவை உண்ணி, தெள்ளுப்பூச்சி எதையும் தொடாது. ஆசனவாயைச் சுற்றி அரிசி மாதிரி வெள்ளைத் துணுக்குகள் ஒட்டியிருந்தால் அது தெள்ளுப்பூச்சி வழியாக வந்த நாடாப்புழு. அதற்குப் பிராசிகுவான்டெல் வேண்டும், தெள்ளையும் கூடவே ஒழிக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி வரும்.

மருந்துக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் நூடுல்ஸ் மாதிரிப் புழு வெளியே வருவதும் மலம் இளகுவதும் சகஜம். மாட்டுக்கு வாங்கி வைத்த ஆல்பென்டசோலையோ ஐவர்மெக்டின் ஊசியையோ அளவைக் குறைத்துக் குட்டிக்குக் கொடுக்கும் பழக்கம் கிராமப்புறங்களில் உண்டு. முதலாவது எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கலாம், இரண்டாவது அளவு தவறினால் நரம்பைத் தாக்கும். வேப்பிலை உருண்டையால் இந்தப் புழுக்கள் போகாது.

பூச்சி மருந்துக்கும் அடங்கவில்லை என்றால் மலப் பரிசோதனை

குட்டி துறுதுறுவென்று இருக்கிறது, பசியும் உண்டு, ஆனால் மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு, தாங்க முடியாத நாற்றத்தோடு, சில நாள் நன்றாகவும் சில நாள் மோசமாகவும் மாறி மாறிப் போகிறது என்றால் ஜியார்டியாவை நினைக்க வேண்டும். இது ஒரு செல் உயிரி, கெட்டி உறைக்குள் இருக்கும் அதன் கூடுகள் மலத்தில் தினமும் வெளியேறுவதில்லை. ஒரே ஒரு சாம்பிளில் 'ஒன்றுமில்லை' என்று வந்தால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மூன்று சாம்பிள் கொடுப்பதோ ஆன்டிஜென் கிட் சோதனை செய்வதோ நல்லது.

சாம்பிள் எடுப்பதிலும் முறை உண்டு. தரையில் விழுந்த மலத்தின் மேல்பகுதியிலிருந்து, மண்படாமல், ஒரு டீஸ்பூன் அளவு. மண்ணிலுள்ள சாதாரணப் புழுக்கள் கலந்தால் லேப்பில் குழப்பம் வரும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டுத் தேதி எழுதி இரண்டு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். முடியாவிட்டால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், தனிக் கவருக்குள், ஃப்ரீசரில் கூடாது. சென்னை வேப்பேரியிலும் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளை ஒட்டியிருப்பவர்களுக்கு இந்தப் பரிசோதனைகள் எளிது.

ஜியார்டியாவுக்கு ஃபென்பென்டசோலை அதே 50 மி.கி. கணக்கில் ஐந்து நாள் தருவார்கள், தேவைப்பட்டால் மெட்ரோனிடசோலும் சேர்ப்பார்கள். மருந்து மட்டும் போதாது என்பதுதான் இதில் முக்கியம். பின்புற ரோமத்தில் ஒட்டியிருக்கும் கூடுகளைக் குட்டியே நக்கி மறுபடி விழுங்கும். மருந்தின் கடைசி நாளில் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, பின்பகுதியை நன்றாக அலசிக் காயவைத்து, படுக்கைத் துணியை வெந்நீரில் போட்டு வெயிலில் உலர்த்துங்கள். கிட் சோதனை அதன்பிறகும் சில வாரம் பாசிட்டிவ் காட்டலாம். மலம் சரியாகிவிட்ட குட்டிக்கு, கிட்டில் தெரியும் அந்தப் பாசிட்டிவ் கோட்டைப் பார்த்து மறுபடி மருந்து தொடங்க வேண்டாம்.

காக்சிடியா என்ற இன்னொரு ஒட்டுண்ணியும் இந்த வயதில் அடிக்கடி வரும், குறிப்பாக நிறையக் குட்டிகள் ஒன்றாக அடைபட்ட இடத்திலிருந்து வந்தவற்றுக்கு. அதற்கு டோல்ட்ராசுரில் அல்லது சல்ஃபா வகை மருந்து. பூச்சி மருந்து அதைத் தொடாது.

மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள்

மனிதருக்கு வயிற்றால் போனால் கொடுக்கும் ஓஃப்லாக்சசின் கலந்த மாத்திரைதான் பலரும் முதலில் கொடுப்பது. அந்த வகை ஆன்டிபயாட்டிக் வளரும் நாய்க்குட்டியின் மூட்டுக் குருத்தெலும்பைப் பாதிக்கும். லோபெரமைடு குடலின் அசைவை நிறுத்திக் கிருமியையும் நச்சையும் உள்ளேயே தேக்கிவைக்கும். கோலி வகை இனங்களுக்கு மூளையைத் தாக்கும் ஆபத்தும் உண்டு. காய்ச்சலுக்கு என்று பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்லோஃபெனாக் எதுவும் கூடாது. மெட்ரோனிடசோலைக்கூட காரணமில்லாமல் கொடுத்தால் நல்ல பாக்டீரியாவும் அழிந்து, நிறுத்திய வாரமே கழிச்சல் திரும்பும். இரண்டு நாள் நின்று மூன்றாம் நாள் மறுபடி போகும் கதையின் பின்னால் பல தடவை இதுதான் இருக்கிறது.

கைக்குழந்தைக்கு உரசிக் கொடுக்கும் ஜாதிக்காய், வசம்பு இரண்டையும் குட்டிக்குக் கொடுக்காதீர்கள். ஜாதிக்காயிலுள்ள மிரிஸ்டிசின் நாய்க்கு நடுக்கமும் வலிப்பும் உண்டாக்கக் கூடியது, வசம்பில் இருக்கும் அசரோனும் நச்சுதான்.

மூன்று வாரம் தாண்டினால்

புழு ஒழிந்தது, சோதனைகள் சுத்தம், அளவும் சரி, இருந்தும் மூன்று வாரத்துக்கு மேல் தொடர்கிறது என்றால் அது நாள்பட்ட கழிச்சல். அடுத்த படி ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும். ஜெர்மன் ஷெப்பர்டு குட்டியோ இளநாயோ கிடைத்ததையெல்லாம் தின்றும் எலும்பும் தோலுமாக மெலிந்து, வெளிறிய மலத்தைக் குவியல் குவியலாகப் போட்டால், கணையத்தில் செரிமான நொதி சுரக்கவில்லையா என்று பார்க்க டி.எல்.ஐ. என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. உறுதியானால் நொதிப் பவுடரை ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் கலந்து வாழ்நாள் முழுவதும் தர வேண்டியிருக்கும், ஆனால் நாய் நன்றாகவே வாழும். வைட்டமின் பி12 அளவையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள், அது குறைந்திருந்தால் மற்ற சிகிச்சை சரியாகப் பிடிக்காது.

உணவு ஒவ்வாமை சந்தேகம் என்றால், குட்டி இதுவரை சாப்பிடாத ஒரே புரதம் உள்ள உணவோ, புரதத்தை மிகச் சிறிதாக உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவோ மட்டும் கொடுத்துப் பார்ப்பார்கள். குடல் அறிகுறிகள் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பதில் சொல்லும். அந்த இரண்டு வாரத்தில் சுவையூட்டிய மருந்து மாத்திரைகூடச் சோதனையைக் கெடுத்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

தரையும் கையும்

மலத்தை விழுந்த அன்றே அள்ளிவிடுங்கள். உருளைப்புழுவின் முட்டை மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். கொக்கிப்புழுவுக்கு ஒரு வாரமே போதும், ஈரமும் சூடும் சேர்ந்த நம் ஊர் மண் அதற்கு மிகவும் தோதானது. அதன் இளம்புழு வெறுங்காலின் தோல் வழியே மனிதருக்குள்ளும் நுழையும். குழந்தைகள் உள்ள வீட்டில் சரிவரப் பூச்சி மருந்து கொடுப்பது குழந்தைகளுக்கான பாதுகாப்பும்கூட. குட்டியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாடு.

ஃபினாயில் பார்வோ வைரஸை ஒன்றும் செய்யாது. முதலில் மலத்தை அள்ளி, சோப்புத் தண்ணீரில் தரையைத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு வீட்டு உபயோகத் திரவ பிளீச்சை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 35 மி.லி. வீதம் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஈரமாக ஊறவிட்டு அலசுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச் வீணாகும். பாத்ரூம் ஆசிட்டோடு ஒருபோதும் கலக்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். காக்சிடியா கூடுகள் பிளீச்சுக்கும் அசையாது. அவற்றுக்குக் கொதிக்கும் தண்ணீர். குட்டியை அறைக்கு வெளியே கட்டிவிட்டு ஊற்றி, தரை நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள்.

பார்வோ வந்த வீட்டு மண்ணில் வைரஸ் ஒரு வருடம்கூடத் தங்கும். அடுத்த குட்டியைக் கொண்டுவருவதாக இருந்தால் அதன் தடுப்பூசி வரிசை முழுவதும் முடிந்த பிறகு கொண்டுவாருங்கள். இப்போதிருக்கும் குட்டிக்கு வயிற்றுக் கோளாறால் தள்ளிப்போன ஊசியை, மலம் சரியாகி அது பழையபடி சாப்பிடத் தொடங்கியதும் தாமதிக்காமல் போட்டுவிடுங்கள்.